பில்லக்காவின் பத்தொன்பது சீட்டுகள்

நடக்க முடியாத பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றிலிருந்து, நாற்பது கட்டில் வேண்டும் என்று அதன் காப்பாளர் அம்மா வந்திருந்தார். இரும்புக் கட்டிலும் பீரோவும் சக்கர நாற்காலியும் செய்து விற்கிற அந்தக் கம்பெனியில் கொட்டேஷன் போடுவதும் பில் போடுவதும் பில்லக்காவின் வேலை. கம்ப்யூட்டரில் தட்டி, தாளை அச்செடுத்து நீட்டினாள். காப்பாளர் அம்மா கட்டில் விலையைப் பார்த்தார், தலையாட்டினார். அதற்குக் கீழே விற்பனை வரி என்று போட்டிருந்த தொகையைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்தால் மட்டும் கூடிவிடுமா என்ன?

"முப்பத்துநாலாப் போட்டுடுங்கம்மா. சின்னப் பிள்ளைங்க பன்னெண்டு பேர ரெண்டு ரெண்டு பேராப் படுக்க வச்சுக்கறேன்" என்றார்.

பில்லக்கா முப்பத்துநாலு என்று தட்டவில்லை. "நாலு நாள் பொறுத்து வாங்கம்மா. இன்னைக்கே உங்க இல்லத்தோட பதிவுப் பத்திரம் நகல் ஒண்ணு குடுத்தனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாதிரி இல்லங்களுக்கு விற்பனை வரி கிடையாது. ஆனால் வரி ஆபீசில் விலக்குச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. மூன்று நாள் மதிய இடைவேளையில் பில்லக்கா தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை, சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரிடம் கொடுத்துவிட்டு வரி ஆபீஸ் வரிசையில் போய் நின்றாள். மூன்று நாளும் அந்தப் பாத்திரம் திறக்கப்படாமலே அவளோடு வீட்டுக்குத் திரும்பியது. நாலாம் நாள் சான்றிதழ் வந்தது. காப்பகத்தின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, 'வரி விலக்கு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். முப்பத்துநாலு கட்டிலுக்கு வைத்திருந்த பணத்தில் நாற்பதும் வந்துவிட்டது.

காப்பாளர் அம்மா முதலாளி மனமிரங்கி விலையைக் குறைத்தார் என்று நினைத்து, அவர் அறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கும்பிடை வாங்கிக்கொண்டார். பில்லக்கா வாயே திறக்கவில்லை. ஸ்டோர்காரருக்கு மட்டும் தெரியும். அவர் அன்று கடவுளிடம் அவளுக்காக ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

போகும்போது அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை பிள்ளைகள் தூங்குவார்கள். சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தால் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். பில்லக்கா அதையும் விடவில்லை. அந்தப் பக்கத்தின் உள்ளே இன்னொரு பக்கம் உண்டு. அதில் வண்டிக்காரருக்குக் குறிப்பு எழுத ஓர் இடம். அங்கே, 'பிள்ளைகள் தூங்கும் நேரம், ஹாரன் அடிக்க வேண்டாம்' என்று எழுதிவைத்தாள். அதற்குப் பிறகு காப்பகத்துக்குச் சாமான் போகும் ஒவ்வொரு டெலிவரிச் சீட்டின் அடியிலும் அந்தக் குறிப்பு தானாக அச்சாகி வந்தது.

அந்த டிக்தான் அவளைக் கவிழ்த்தது. அவளைத் தூக்கி நிறுத்தியது இந்தக் குறிப்பு.

பில்லக்கா அந்தக் கம்பெனிக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. அப்போது கார்பன் தாள் வைத்த பில் புத்தகம். கம்ப்யூட்டர் வந்தபோது, சொல்லிக்கொடுக்க வந்தவன் ஒரு மணி நேரம் வேகமாகப் பேசிவிட்டுப் போய்விட்டான். மிச்சத்தை அவளே தடவித் தடவிக் கற்றுக்கொண்டாள். கட்டிலுக்கு ஒரு வரி, அதைப் பூட்டிக்கொடுக்கிற கூலிக்கு வேறு வரி. தள்ளுபடியைக் கழித்துவிட்டுத்தான் வரியைப் போட வேண்டும், போட்ட பிறகு கழித்தால் கணக்கு உதைக்கும். போன மாதம் கொடுத்த கொட்டேஷனை இந்த மாதம் பில்லாக மாற்றினால் பழைய வரியையே தூக்கிக்கொண்டு வரும், அதைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு கண்ணாடி, அதன் காதில் கறுப்பு நூல், திரையில் வரி வரியாக ஓடும் ஆள்காட்டி விரல். அந்த விரலைத் தாண்டி ஒரு பைசா தப்பாக வெளியே போனதில்லை.

முதலாளி கையை இறுக்கிப் பிடிக்கிறவர். அந்த மென்பொருளுக்கு ஆள் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்றதும், "ஒரு ஆள் போதும்" என்று பில்லக்கா பேரில் மட்டும் வாங்கினார். யார் உட்கார்ந்து எதைத் தட்டினாலும் அது பில்லக்கா செய்ததாகவே பதிவாகும். பாஸ்வேர்டு மேஜைக் கண்ணாடிக்குக் கீழே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டியிருந்தது.

மேனேஜர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'மச்சான் சார்'. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். கையெழுத்துப் போட்டால் எழுத்து எங்கே முடிகிறது, கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பாம்பு சுருண்டு படுத்து வாலை மட்டும் நீட்டினாற்போல இருக்கும்.

பில்லக்காவின் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். ஒரு நாள் ஜாக்கி நழுவி இடுப்பெலும்பு போய்விட்டது. ஆறு வாரம் அவள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். அந்த ஆறு வாரமும் மச்சான் சார்தான் பில் போட்டார். "இதென்ன பெரிய வித்தை" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

அவள் திரும்பி வந்து நாலு மாதம் கழித்து வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. இருபத்தோரு பில்லில் வரியே இல்லை. லாட்ஜ், உடற்பயிற்சிக் கூடம், பழைய இரும்புக் கடை, டிரைவிங் ஸ்கூல், எல்லாம் வரி விலக்கு. வரியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று தாள் சொன்னது.

மாடி அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். முதலாளி, மச்சான் சார், டிரைவர், பூட்டிக்கொடுக்கிற இரண்டு ஃபிட்டர்கள், ஸ்டோர்காரர். எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. பில்லக்காவை மட்டும் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

மச்சான் சார் ஒவ்வொரு பில்லாகத் திறந்தார். "படிங்க. யார் போட்டதுன்னு இருக்கு?"

"என் பேர்தான் சார் இருக்கு. எல்லாத்துலயும் என் பேர்தானே வரும். அந்த ஆறு வாரம் நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"ஆஸ்பத்திரில இருந்தா என்ன? இது ஃபோன்லயும் வேலை செய்யுமே. அடுத்தது படிங்க."

இருபத்தொன்றையும் படிக்கவைத்தார். "அந்த அனாதைப் பிள்ளைங்களுக்கு டிக் போட்டுப் பழகினது யாரு? இவங்கதானே. கை பழகிடுச்சு" என்றார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டே, "இத்தனை வருஷம் இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் அவள் முகம் மாறியது. அழுகை வரும் என்று ஸ்டோர்காரர் நினைத்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோருக்குத் தள்ளினார்கள். ஆணியும் நட்டும் எண்ணுகிற வேலை. முதல் நாள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், "அண்ணே, எனக்கு இந்த ஸ்டூலும் வேணாம், அந்த நாற்காலியும் வேணாம். அவர் வாயால 'நான்தான் பண்ணேன்'னு வரணும். அதே ரூம்ல, அதே ஆளுங்க முன்னாடி. அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது" என்றாள்.

"கடவுள் பார்த்துக்குவார் தங்கச்சி."

"பார்க்கட்டும். நானும் பார்க்கறேன்."

மூன்றாவது நாள், டிரைவர் சாமான் ஏற்ற வந்தபோது பேச்சுக்குச் சொன்னான். "என்னக்கா, நீங்க இல்லாதப்ப லாட்ஜ்ல எல்லாம் பிள்ளைங்க தூங்க ஆரம்பிச்சுடுச்சு."

"என்னது?"

"சீட்டுல அப்படித்தான்க்கா போட்டிருந்துச்சு. பிள்ளைங்க தூங்குது, ஹாரன் அடிக்காதேன்னு. நானும் நம்பி, லாட்ஜ் வாசல்ல அரை மணி நேரம் சத்தமில்லாம உக்காந்திருந்தேன். அப்புறம் பழைய இரும்புக் கடைக்கும் அதே. அங்க பிள்ளை தூங்கினா நான் பேர மாத்திக்கறேன். மச்சான் சார்கிட்ட காட்டினேன், மூஞ்சி சிவந்துபோச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு சீட்டுலயும் அவரே பேனாவால அடிச்சுக் குடுத்துட்டாரு."

பில்லக்கா கையிலிருந்த ஆணி டப்பாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, சீட்டோட நகல் எங்க?"

ஸ்டோர்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆணி வெளியே போனாலும் சீட்டு வேண்டும். அச்சில் எதையாவது அடித்துத் திருத்தினால் அதன் பக்கத்தில் அடித்தவர் கையெழுத்து வேண்டும். நகலைத் தேதி வாரியாக நீளக் கம்பியில் குத்திவைப்பார். முதலாளியே வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

கம்பியைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபத்தோரு சீட்டு. முதல் இரண்டில் அந்தக் குறிப்பு அடிபடாமல் இருந்தது. மிச்சம் பத்தொன்பதிலும் 'பிள்ளைகள் தூங்கும் நேரம்' என்ற வரிமேல் நீல மைக்கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்த பாம்பு.

"என்ன நடந்துச்சு தெரியுதாண்ணே? புதுசா ஒரு கடைய ஏத்தணும்னா பேரு, முகவரி, போன் நம்பர்னு இருபது கட்டம் நிரப்பணும். அவருக்குச் சோம்பல். காப்பகத்தோட பக்கத்த அப்படியே நகல் எடுத்து, பேர மட்டும் மாத்திட்டாரு. டிக்கும் கூடவே வந்துடுச்சு, பிள்ளைங்களும் கூடவே வந்துட்டாங்க. அந்தக் குறிப்பு கம்ப்யூட்டர்ல எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியல, அதான் தாள்ல அடிச்சிருக்காரு. நகல்னு தெரிஞ்சு, தெரிஞ்சே பத்தொன்பது தடவ கையெழுத்துப் போட்டுட்டு, என்னை நிக்க வச்சுப் படிக்க வச்சாரு."

ஸ்டோர்காரருக்கு மூச்சு வந்தது. "கடவுளே, வா தங்கச்சி, இப்பவே மேல போய்க் காட்டிடலாம்."

"உக்காருங்க."

"ஏன்மா?"

"இப்ப காட்டினா என்ன நடக்கும்? முதலாளி அவரைத் தனியாக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. 'சரிம்மா, தெரியாம நடந்துபோச்சு, விட்டுடு'ன்னு எனக்கு ஒரு வார்த்தை வரும். எனக்கு ஒரு வார்த்தை போதாதுண்ணே. அவர் இன்னும் மேல ஏறட்டும். ஏறினாத்தானே விழுந்தா வலிக்கும்."

அந்தப் பத்தொன்பதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கினாள். மனமில்லாமல்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஸ்டோர்ப் பூட்டைத் திறக்கும்போது, தெரிந்தும் வாய் மூடியிருப்பதற்காகக் கடவுளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஏழு மாதம். தினமும் சாயங்காலம் கிளம்புமுன் அவள் உறையைத் திறந்து ஒன்று, இரண்டு என்று பத்தொன்பது வரை எண்ணுவாள். மற்றவர்கள் பிரார்த்தனைக்கு உட்காருகிற முகம் அவளுக்கு அப்போதுதான் வரும். மச்சான் சார் ஸ்டோருக்கு வந்தால் ஓடிப்போய் முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போடுவாள். "வாங்க சார், உக்காருங்க சார், தண்ணி குடிக்கறீங்களா சார்?" அவர் திரும்பிப் போகும்போது, "பாவம், மனசுல எதையும் வச்சுக்கத் தெரியாத பொம்பள" என்று ஸ்டோர்காரரிடம் சொன்னார். தேன் தடவிய கத்தியை ஸ்டோர்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை.

இடையில் ஒரு நாள் அவளும் ஆடிப்போனாள். காப்பகத்துக்கு இருபத்தைந்து சக்கர நாற்காலி கேட்டு அந்த அம்மா வந்திருந்தார். மச்சான் சார் பயத்தில் காப்பகத்தின் டிக்கையும் எடுத்துவிட்டிருந்தார். "யாருக்கும் விலக்கு கிடையாது" என்று வரியோடு கொட்டேஷன் கொடுத்தார். அந்த அம்மா தாளை மடித்துக்கொண்டு ஸ்டோர் வாசல் வழியாகப் போனதை பில்லக்கா பார்த்தாள்.

"நீ பேசாம இருக்கறதுல அந்தப் பிள்ளைங்களுக்கும் அடி விழுது தங்கச்சி" என்றார் ஸ்டோர்காரர். குரலில் கோபம் இல்லை.

அவள் வெகு நேரம் ஆணி எண்ணினாள். அப்புறம் சொன்னாள்: "அதையும் அவர் கணக்குல எழுதுங்க." ஆனால் அன்று சீட்டுகளை எண்ணாமலே கிளம்பிப் போனாள்.

மறுவாரமே நேரம் வந்துவிட்டது. வரி ஆபீஸ் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தது. மச்சான் சார் ஒரு தாள் தயாரித்தார். இருபத்தோரு பில்லையும் கவனக்குறைவால் நானே போட்டேன் என்று பில்லக்கா ஒப்புக்கொள்கிற தாள். அதில் அவள் கையெழுத்து விழுந்தால் அபராதம் குறையும்; ஆனால் அந்த ஊரில் இனி எந்தக் கம்பெனியும் அவளை பில் போட உட்காரவிடாது. "ஒரு கையெழுத்துத்தானேம்மா. வேலை இங்கேயே இருக்கும்" என்றார் முதலாளி.

"போடறேன் முதலாளி. ஆனா மேல ரூம்ல, அன்னைக்கு இருந்த எல்லாரும் இருக்கும்போது போடறேன். என் பேர்தான் கெடுது, முறையாக் கெடட்டும்."

அன்று காலை அவள் ஸ்டோர்காரரிடம், "அண்ணே, மேல ரூம்ல ஒரு நாற்காலி ஆடுது. கீழ எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். அவரும் கள்ளங்கபடமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்காலி ஆடவில்லை. ஏன் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பில்லக்கா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். கடைசியாகத் தாளோடு வந்த மச்சான் சாருக்கு நாற்காலி இல்லை. அப்போதுதான் ஸ்டோர்காரருக்கு உறைத்தது.

"நீங்க நின்னுக்கிட்டே சொல்லுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணு. இந்தப் பில்லுங்கள நீங்க தொடவே இல்லன்னு சாட்சிக் கையெழுத்து முதல்ல நீங்க போட்டுடுங்க. அப்பத்தான் நான் போடறதுக்கு மதிப்பு."

"தாராளமா" என்றார். எழுதினார், வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே, குடுங்க" என்றாள்.

காலையில் அவள் சொல்லிவைத்திருந்தபடி ஸ்டோர்காரர் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். அவள் முதல் சீட்டை எடுத்து, மை காயாத அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, முதலாளி பக்கம் தள்ளினாள்.

"லாட்ஜுக்குப் போன ரெண்டாவது சாமான். பிள்ளைகள் தூங்கும் நேரம். அடிச்சிருக்கு. பக்கத்துல கையெழுத்து. யாருதுன்னு பாருங்க முதலாளி."

முதலாளி இரண்டு பாம்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் விஷயத்தை வரி வரியாக, விரல் வைத்துச் சொன்னாள். டிரைவர், "நான்தானே சார் உங்ககிட்ட வந்து காட்டினேன், லாட்ஜ்ல பிள்ளை தூங்குதுன்னு" என்றான். ஒரு ஃபிட்டர் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"அடுத்தது நீங்க படிங்க சார்" என்றாள்.

மச்சான் சார் சீட்டை எடுத்தார். படித்தார். அடுத்ததையும் படித்தார். ஐந்தாவதில் முதலாளி, "போதும்மா, புரிஞ்சுபோச்சு" என்றார்.

"எனக்குப் போதாது முதலாளி. இன்னும் பதினாலு இருக்கு. அன்னைக்கு என்னை இருபத்தொண்ணும் படிக்க வச்சீங்க. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

பத்தொன்பதும் படித்து முடிந்தபோது மச்சான் சாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப சொல்லுங்க சார்."

"நான்தான் போட்டேன்."

"எதை?"

"நகல் எடுத்து... நான்தான் போட்டேன். உங்க மேல தப்பில்ல."

"கடைசில இருக்கற ஃபிட்டருக்குக் கேக்கலையாம் சார்."

இன்னொரு முறை சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

முதலாளி அவளை அந்த நிமிஷமே பழைய நாற்காலிக்குக் கூப்பிட்டார், சம்பளமும் கூட்டுவதாகச் சொன்னார். அவள் போய் உட்கார்ந்தாள், அரை மணி நேரம். காப்பகத்தின் டிக்கைத் திரும்பப் போட்டாள். இருபத்தைந்து சக்கர நாற்காலிக்கு வரியில்லாத கொட்டேஷன் அச்செடுத்து, டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்பினாள். பாஸ்வேர்டை மாற்றி, புதியதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி முதலாளி மேஜையில் வைத்தாள். பக்கத்திலேயே ராஜினாமா. எதிர்வரிசையில் இருக்கும் இரும்புக் கட்டில் கம்பெனி அவளை மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரிந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவளை நம்பாத ஒரு சொல்லுக்கு அது அவருடைய அபராதம்.

மனைவியின் தம்பியை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? மச்சான் சாரை ஸ்டோருக்கு அனுப்பினார். அவள் உட்கார்ந்த அதே ஸ்டூல், அதே ஆணி டப்பா.

கணக்கை முடித்து வாங்கிக்கொள்ள அவள் கடைசியாக வந்த நாளில், ஸ்டோர்காரர் வாசல் வரை கூடப் போனார். அவள் ஸ்டோரில் விட்டுப்போயிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தார். மூன்று நாளாக உள்ளே ஒரு மனுஷன் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவதை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை.

"தங்கச்சி, அவர் சாப்பிடறதே இல்ல. ஆணிய எண்ணறாரு, மறந்துடறாரு, மறுபடி எண்ணறாரு. நீ நினைச்சது நடந்துடுச்சு. இனிமேயாவது மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்மா. கடவுளுக்கும் அதுதான் பிடிக்கும்."

அவள் பாத்திரத்தைப் பையில் வைத்து, ஸ்டோர் ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஸ்டூலில் ஒரு முதுகு குனிந்திருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு கடவுள்கிட்ட சொல்லிடுங்கண்ணே" என்றாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."